படைப்புழு எந்த வழியாக வந்தது? மரபணுவால் தடம் பிடிக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான மக்காச்சோளப் படைப்புழு 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்திலும், 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. தேதிகளை அடுக்கினால் மேற்கிலிருந்து கிழக்கே பறந்து வந்த கதை கிடைக்கும். ஆனால் அவை யாரோ கவனித்த நாட்கள். பூச்சி வந்து இறங்கிய நாட்கள் அல்ல. வந்த வழியை அறிய டி.என்.ஏ.வைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: புழு சேகரிப்பு

இதில் கோட்டை விட்டால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. தாய் அந்துப்பூச்சி ஒரே குவியலாக நூற்றுக்கும் மேல் முட்டையிடும். பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் பிடித்தால் உடன்பிறப்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதனால் தள்ளித் தள்ளி, செடிக்கு ஒரு புழு. தலையில் தலைகீழான ‘ஒய்’ குறி, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிக் குப்பியில், 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஊர், தேதி, பயிர் விவரத்தைப் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பூச்சியின் தாயகத்து மாதிரிகளும் வேண்டும். புளோரிடா, பிரேசில் புழுக்கள் கையில் இல்லாமல் மூலத்தைத் தேடுவது வீண்.

படி 2: டி.என்.ஏ. பிரித்தல்

கடைகளில் கிடைக்கும் கிட் போதும். குடலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: தின்ற இலையும், சில சமயம் தின்ற தம்பியும் அதற்குள் இருக்கும்.

படி 3: இரண்டு மரபணுக்கள்

முதலில் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.1 மரபணுவின் ஒரு துண்டு, சுமார் 658 எழுத்து நீளம். இனத்தை உறுதிசெய்யும். ஆனால் அது தாய்வழிச் செய்தி மட்டுமே. படைப்புழுவில் நெல் வகை, சோள வகை என இரண்டு உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மக்காச்சோளத்தில் பிடித்த புழுக்களில் பெரும்பாலானவற்றை சி.ஓ.1 நெல் வகை என்றது. இசட் குரோமோசோமில் உள்ள டி.பி.ஐ. மரபணுவோ சோள வகை என்றது. இரண்டும் பொய்யல்ல, முன்னோர் கலந்தவர்கள். ஒன்றை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுவது ஆபத்து.

படி 4: முழு மரபணுத்தொகுதி

ஆயிரக்கணக்கான ஒற்றையெழுத்து வேறுபாடுகளைத் திரட்டி, ஊர்களை ஒப்பிடும் எஃப்.எஸ்.டி. எண்ணைக் கணக்கிடுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் ஒற்றுமை, ஒன்றை நோக்கி ஏறினால் பிரிவு. அண்மையில் பிரிந்த கூட்டங்கள் கலக்காவிட்டாலும் எண் குறைவாகவே வரும் என்பதை மறக்க வேண்டாம். சிலவே வந்து குடியேறிய இடத்தில் மரபு வேறுபாடு தாயகத்தைவிடக் குறைந்திருக்கும்.

படி 5: கதைகளை மோதவிடுதல்

‘ஆப்பிரிக்கா வழியாக ஆசியா’, ‘இரண்டுக்கும் தனித்தனி வருகை’ என்று சாத்தியங்களை எழுதி, எது தரவுக்குப் பொருந்துகிறது என்று டி.ஐ.ஒய்.ஏ.பி.சி. போன்ற மென்பொருளில் சோதிக்கலாம். 2022-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் பங்கேற்ற மரபணுத்தொகுதி ஆய்வு, ஒரே கூட்டம் கிழக்கே பரவியது என்பதற்கு மாறாகப் பலமுறை நுழைந்ததையே சுட்டியது.

வருகை பல என்றால் துறைமுகச் சோதனையை ஒருமுறையோடு விட முடியாது. புதிதாக வருபவை வேறு பூச்சிக்கொல்லி எதிர்ப்பையும் கொண்டுவரலாம். அதனால் மீதமுள்ள டி.என்.ஏ.வில் ஏஸ்-1 மரபணுவையும் பார்த்துவிடுங்கள். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பலிக்காமல் போவதற்கான மாற்றங்கள் அங்கேதான் தெரியும்.