காசைத் திருப்பித் தரும் இயந்திரம்: பழுது எங்கே?

தஞ்சோங் ரம்புத்தான் போன்ற ஒரு சிற்றூரில், பழைய கடையின் பின்கட்டில், காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கொடுத்தால் திரை ஒளிர்கிறது. இன்றைய 20 சென் காசைப் போட்டால், அது அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. பழுது எங்கே?

பாதியாகப் பிரி

பழுதுபார்ப்பவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றமாட்டார். காசு போகும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்வார். காசு நாணயச் சோதனைக் கருவியைக் கடந்து, ஒரு சிறிய விசையின் கம்பியை அழுத்தும். அந்த மின்குறிப்பு மின்சுற்றுப் பலகைக்குப் போகும். பலகை ஓர் ஆட்டத்தைக் கணக்கில் ஏற்றும்.

இந்தச் சங்கிலியின் நடுவில் இருப்பது விசை. அதன் கம்பியை விரலால் அழுத்தினால் ஆட்டக் கணக்கு கூடுகிறதா? கூடினால் விசையும் பலகையும் நலம். பழுது அதற்கு முன்னால். கூடாவிட்டால் பழுது விசையிலோ அதற்கு அப்பாலோ. ஒரே சோதனையில் பாதி இயந்திரம் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும்.

நம் இயந்திரத்தில் கணக்கு கூடுகிறது. ஆகவே மீதி இருப்பது நாணயச் சோதனைக் கருவிதான்.

காசுக்கு வைக்கும் தேர்வு

இந்தக் கருவி காசின் அளவையும் எடையையும் பார்க்கும். பிறகு காசு ஒரு காந்தத்தைக் கடந்து உருளும். அப்போது காசுக்குள் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. லென்ஸ் விதிப்படி அது காசின் அசைவை எதிர்க்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் அதிகமாக வேகமிழக்கும், இரும்பு ஒட்டிக்கொள்ளும். சரியான வேகத்தில் வரும் காசு மட்டுமே உள்ளே விழும்.

இப்போது காசைப் பாருங்கள். 1989-இல் வெளிவந்த இரண்டாம் தொடர் 20 சென், செம்பு-நிக்கல் கலவை. விட்டம் சுமார் 23.6 மி.மீ., எடை சுமார் 5.7 கிராம். 2012-இல் வந்த மூன்றாம் தொடர் 20 சென், 20.6 மி.மீ., 4.18 கிராம்; உள்ளே செம்பு, மேலே நிக்கல் பித்தளை. அளவு, எடை, உலோகம் மூன்றும் மாறிவிட்டன!

பழைய காசு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். அது உள்ளே போனால் இயந்திரம் பழுதாகவில்லை; தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. புதிய காசுக்கேற்ற கருவியை மாற்றினால் போதும். பழைய காசும் திரும்பினால், வழியில் அழுக்கோ, காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகளோ இருக்கலாம். சுத்தம் செய்ய வேண்டும்.

எச்சரிக்கை

மாணவர்களே, இத்தகைய இயந்திரத்தை நீங்களாகத் திறக்காதீர்கள். பழைய படக்குழாய்த் திரையில் 20,000 வோல்ட் வரையிலும் அதற்கு மேலும் மின்னழுத்தம் இருக்கும். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கலாம். பயிற்சி பெற்ற தொழில்நுட்பரே திறக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஓர் அலுமினியத் தட்டையும் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் ஒரே அளவு சாய்த்து வையுங்கள். வலிமையான சிறு காந்தம் ஒன்றை இரண்டிலும் சறுக்க விடுங்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. அப்படியிருந்தும் எதில் காந்தம் மெதுவாக இறங்குகிறது? ஏன்?