அப்பத்தாவின் குழம்பை எழுதி வைப்பது எப்படி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பத்தாவின் சமையலை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பது மகிழ்ச்சி. தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய காரியம் அது. ஆனால் நீ அனுப்பிய முதல் பக்கத்தைப் படித்ததும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. மீன் குழம்பு என்று தலைப்பிட்டு, புளி எலுமிச்சை அளவு, சின்ன வெங்காயம் 20, குழம்பு மிளகாய்த்தூள் 3 கரண்டி, நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். கடைசியில், 'நன்றாகக் கொதித்ததும் மீனைப் போட்டு இறக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சாமான் பட்டியலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பத்துப் பேர் சமைத்தால் பத்துக் குழம்பு வரும், அதில் ஒன்றுகூட உன் அப்பத்தாவின் குழம்பாக இருக்காது. ஒரு வீட்டில் தலைமுறை தாண்டி வருவது அடுப்பில் இருப்பதைப் பார்த்து, முகர்ந்து, 'இப்போது சரி, இப்போது போதும்' என்று தீர்மானிக்கும் அறிவுதான். அதையும் அதற்கான காரணத்தையும் எழுதாத நோட்டு அரைகுறைதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மீன் குழம்பையே எடுத்துக்கொள். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்து, வெந்தயம் சிவந்து, வெங்காயமும் பூண்டும் வதங்கியபின் தூளும் புளிக்கரைசலும் சேர்கின்றன. அப்போது குழம்பு கலங்கலாக, ஒரே நிறமாக இருக்கும். கிட்டே போனால் மல்லியின் பச்சை வாசனை மூக்கில் ஏறும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றுகிறது. பொடிப்பொடியாக வந்த குமிழிகள் பெரிதாகி மெதுவாக உடைகின்றன. பச்சை வாசனை போய்ப் புளியும் காரமும் சேர்ந்த வாசனை வருகிறது. கடைசியில் சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக ஒதுங்கி நிற்கிறது. அந்தச் சிவப்புக்கு அர்த்தம் உண்டு. மிளகாயின் நிறமும் உறைப்பும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை, எண்ணெயில் நன்றாகக் கரைபவை. எண்ணெய் சிவந்து மேலே வந்துவிட்டது என்றால் மசாலா வெந்துவிட்டது, வேண்டாத தண்ணீரும் வற்றிவிட்டது என்று பொருள். மீனைப் போட வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்னால் போட்டால், குழம்பு வற்றும்வரை மீனும் கூடவே கொதிக்க வேண்டியிருக்கும். ஆட்டுக்கறியைப் போலன்றி மீனின் சதையைப் பிணைத்திருக்கும் சவ்வு சீக்கிரமே கரைந்துவிடும், துண்டு உதிர்ந்துபோகும். போட்டபின் கரண்டி விடாமல், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவதும் அதனால்தான். இத்தனையும் உன் நோட்டில் 'நன்றாகக் கொதித்ததும்' என்ற இரண்டு சொல்லுக்குள் மறைந்துபோயிற்று.

அளவு மட்டும் ஏன் போதாது என்பதற்குச் சாமான்களே சாட்சி. இந்த வருஷத்துப் புதுப்புளிக்கும் பானையில் கிடந்து கறுத்த பழம்புளிக்கும் புளிப்பும் நிறமும் வேறு. ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக இருக்கும் அந்த மிளகாயை அரைத்த தூளும், நீ இருக்கும் ஊரில் பாக்கெட்டில் வாங்குகிற தூளும் ஒரே கரண்டியில் ஒரே காரத்தைத் தராது. நெத்திலிக்கு ஒரு கொதி போதும், வஞ்சிரத் துண்டுக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். மாங்காய்க் காலத்தில் குழம்பில் மாங்காய் விழும், புளி குறையும். பாத்திரமும் கணக்கில் சேரும். மண்சட்டியும் கல்சட்டியும் அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் உன் அப்பத்தா ஒரு கொதி முன்னதாகவே இறக்குகிறார். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் நீ அதே நேரத்துக்கு இறக்கினால் மீன் நடுவில் வேகாமல் இருக்கும். சோறு ஆக்குகிற வீட்டில் யாரைக் கேட்டாலும், புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும் பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் வைக்க வேண்டும் என்பார்கள். அப்படியானால் 'ஒன்றுக்கு மூன்று' என்று எழுதி வைப்பது எந்த அரிசிக்கு?

'தராசு எதற்கு இருக்கிறது, கிராம் கணக்கில் எழுதினால் குழப்பம் தீர்ந்தது' என்று நீ சொல்லலாம். வலுவான மறுப்பு இது, தள்ளிவிட முடியாது. உண்மையில் நீ ஒரு தராசு வாங்கி, அப்பத்தா கையில் எடுக்கும் புளியையும் உப்பையும் சட்டியில் விழுமுன் ஒருமுறை நிறுத்து எழுதத்தான் வேண்டும். எலுமிச்சை அளவு என்பது ஒரு வீட்டில் 20 கிராம், இன்னொரு வீட்டில் 40 கிராம் என்று இருக்கலாம். ஊறுகாய் போன்றவற்றில் உப்பை நிறுப்பது கட்டாயம் என்றே சொல்வேன், குறைந்தால் பூசணம் பிடித்துக் கெட்டுவிடும். ஆனால் கிராம் எதைச் சொல்கிறது என்று பார். உள்ளே என்ன போயிற்று என்று சொல்கிறது. உள்ளே போனதற்கு என்ன ஆயிற்று என்பதைப் பதம்தான் சொல்லும். சர்க்கரைப் பாகை விரலால் தொட்டுக் கம்பி வருகிறதா என்று பார்ப்பது வெறும் கைவாக்கு ஆகாது. தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது, சர்க்கரை எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை அது நேரடியாக அளக்கிறது. அடுப்பின் தீயும் பாத்திரத்தின் அகலமும் எப்படி மாறினாலும் அந்த அளவை பொய்க்காது. ஆகவே நோட்டில் இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் பதத்தை நம்பு. எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை 1951இல் வெளியிட்டபோது நம் வீடுகளில் படியும் ஆழாக்கும் பலமும் புழங்கின. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தபின் சில ஆண்டுகளில் அந்த அளவுகள் கடைத்தெருவிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. ஒரு ஆழாக்கு எவ்வளவு என்று இன்று நீ விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும் என்ற குறிப்புக்கு இன்றும் விளக்கம் தேவைப்படவில்லை.

காரணத்தையும் எழுது என்றேன். அது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு இட்லி மாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உளுந்தை ஆட்டுக்கல்லில் அரைத்தபோது அது மெதுவாக அரைபட்டு, அதிகம் சூடேறாமல், காற்றை உள்வாங்கிப் பொங்கியது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் அந்த வேலையை அப்படியே எடுத்துக்கொண்டது. மிக்ஸியின் கத்தியோ வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்குகிறது. சூடேறக் கூடாது என்ற காரணம் தெரிந்தவர்கள் மிக்ஸியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரைத்துச் சமாளித்தார்கள். தெரியாதவர்கள் மிக்ஸியில் அரைத்தால் இட்லி கல்லாகத்தான் வரும் என்று விட்டுவிட்டார்கள். புளிப்பதும் அப்படியே. சென்னையின் வெயிலில் இராப்பொழுதுக்குள் பொங்கும் மாவு டொராண்டோவின் குளிரில் மறுநாள் மாலைவரை அசையாமல் கிடக்கும். 'இரவு கரைத்து வைத்துக் காலையில் ஊற்று' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனவர்கள் அங்கே திண்டாடுவார்கள். மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும், அதற்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனவர்கள், விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்று, வீட்டில் சொல்லப்படும் காரணமெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள், குறிப்பாக லூகோநாஸ்டாக் என்ற இனம், பெரும்பாலும் உளுந்தோடேயே வருகின்றன என்பது 1960களிலேயே ஆராய்ந்து சொல்லப்பட்டது. அப்பத்தா சொன்னதை அவர் சொன்னபடியே எழுது. கீழே நீ செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுது. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இப்படிச் சாமானையும் கருவியையும் மாற்றிக்கொண்டே போனால் அது பரம்பரைச் சமையலாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் மிளகாயைக் காட்டு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498க்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவையே. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். அந்தப் பழைய அடுக்கு இன்னும் சில இடங்களில் கலையாமல் இருக்கிறது: காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும், அழகர்கோயில் தோசையில் தோலோடு அரைத்த கறுப்பு உளுந்தும் மிளகும். பிராமணர் வீட்டுத் திவசச் சமையலிலும் மிளகாய்க்கு இடமில்லை. ஆக, உன் அப்பத்தாவின் சிவந்த மீன் குழம்பே ஒரு காலத்துப் புதுமை. மிளகிலிருந்து மிளகாய்க்கு மாறிய யாரோ ஒரு பெண், எங்கே நிறுத்துவது என்ற பழைய அறிவைப் புதுச் சாமானுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் நீ தொடர வேண்டும். எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னால் குறைத்துக்கொள். எண்ணெய் பிரிவது மட்டும் பழைய அளவுக்குத் தெரியாது; அப்போது வாசனையையும் குமிழியையும் பார்த்து முடிவு செய்.

இன்னொரு மறுப்பு உண்டு, அதைக் கனமாகவே எடுத்துக்கொள்கிறேன். பாட்டி சமையல் என்று போற்றுவது பெண்களை அடுப்படியிலேயே நிறுத்திவைக்கும் பேச்சு என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அம்மியில் அரைத்த நேரத்துக்கும் புகையில் கரித்த கண்ணுக்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பைக் கைவிடலாம், அதில் விளைந்த அறிவைக் கைவிட வேண்டியதில்லை. பேரனாகிய நீ கேட்டு எழுதுவது எனக்குப் பிடித்ததும் இதனால்தான். மகளுக்கும் மருமகளுக்கும் மட்டும் போய்ச் சேர்ந்த ஒன்று இப்போது திசை மாறுகிறது. அச்சில் ஏறியது யாருடைய சமையல் என்பதையும் யோசி. எழுதத் தெரிந்த, அச்சிட வசதி இருந்த வீடுகளின் சமையல்தான் முதலில் புத்தகமாயிற்று. கடற்கரையில் கருவாடு காயவைத்தவர்களும், வயல் நத்தையையும் நண்டையும் ஆக்கித் தின்றவர்களும், ஆட்டு இரத்தத்தைப் பொரித்தவர்களும் அந்தப் புத்தகங்களில் அரிதாகவே வருகிறார்கள். ஷாகு பட்டோலே மராட்டியத்தின் மராத்வாடா பகுதித் தலித் வீடுகளின் உணவைப் பற்றி மராத்தியில் எழுதிய நூல் 2015இல்தான் வந்தது. ஏழ்மையில் பிறந்த உணவை எழுத வெட்கப்பட்டு, விருந்துக்குச் செய்ததை மட்டும் உன் அப்பத்தா சொல்லக்கூடும். பஞ்சத்தில் என்ன சாப்பிட்டீர்கள், மழைக்காலத்தில் வீட்டில் ஒன்றும் இல்லாதபோது என்ன ஆக்கினீர்கள் என்றும் கேட்டு எழுது.

எப்படிக் கேட்பது என்பதுதான் இனி. கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால், 'எல்லாம் ஒரு கண்ணளவுதான்யா' என்று சொல்லிவிடுவார். சொல்ல மனமில்லாமல் அல்ல; அவருடைய அறிவு அடுப்புக்கு முன்னால்தான் விழித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று, 'அப்பத்தா, இப்ப இறக்கிரலாமா?' என்று கொஞ்சம் முன்கூட்டியே கேள். 'இருய்யா, இன்னும் எண்ணெய் தெளியல' என்பார். அதுதான் உன் நோட்டுக்கு வேண்டிய வரி. 'இதப் போடாட்டி என்ன ஆகும்?' என்று கேள், காரணம் வெளியே வரும். புளி தூக்கலாகிவிட்டால், உப்புக் கூடிவிட்டால், மோர்க்குழம்பு திரிந்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது என்று கேள். மோர்க்குழம்பை ஏன் நுரை கட்டியதும் இறக்குகிறோம் என்பதற்கு விடை, அது திரிந்துபோன கதையில்தான் கிடைக்கும். எந்தச் சமையல் புத்தகத்திலும் தவறைத் திருத்தும் பகுதி மெலிந்திருக்கும், காணொளிகளிலோ அது வெட்டி எறியப்பட்டிருக்கும். காணொளியில் நிறமும் சத்தமும் கிடைக்கும், வாசனையும் கையில் தட்டுப்படும் பதமும் கிடைக்காது. போனில் பதிவு செய்துகொள், நல்லதுதான். ஆனால் அன்றைக்கே நீயே ஒருமுறை கரண்டியைப் பிடித்து, அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் செய்து பார். எங்கே உன் கையைத் தடுக்கிறாரோ அதைக் குறித்துக்கொள்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். வாரா வாரம் வைக்கும் குழம்புக்கு அவசரமில்லை, உன் அம்மாவுக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் செய்வதும், வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததும் முதலில் வர வேண்டும். உங்கள் வீட்டில் அது தாளிப்பு வடகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகத்தோடு விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் உருட்டி, மறுநாள் பிரித்து மறுபடி காயவைக்கும் வேலை அது. எத்தனை நாள் என்பதை வெயில்தான் முடிவு செய்யும். ஈரம் இருந்தால் உருண்டை கனக்கும், உள்ளே புளித்த வாடை வரும். காய்ந்துவிட்டால் உருண்டை லேசாகும், வாசனை கூர்மையாகும். அதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எழுத முடியாது. அதற்குப் பங்குனி, சித்திரை வெயில் வேண்டும். பொங்கலுக்கு எடுக்கும் விடுப்பில் பாதியை மிச்சம் வைத்துக்கொண்டு சித்திரையில் ஒரு வாரம் ஊருக்குப் போய் இரு. தராசை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் அண்ணன்