ஸ்பிரிங்கை முடிவு செய்தது நீங்களா, கேட்டலாகா?

பிரிட்டனில் ஆட்டோமோட்டிவ் எம்.எஸ்சி. படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களில் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. சாலிட்வொர்க்ஸ், மேட்லேப், டீம் ஒர்க், கற்கும் ஆர்வம். சேசிஸ் பிரிவுக்கு ஆள் எடுக்கும் மேனேஜர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். "கையால் என்ன செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்?" இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர் அடுத்த ரவுண்டுக்குப் போகிறார்.

அந்தப் பதிலைச் சம்பாதிக்க அங்கே மலிவான வழி ஒன்று உண்டு: கிட் கார். 1957-இல் வந்த லோட்டஸ் செவனைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அன்று பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பழைய ஃபோர்டு எஸ்கார்ட், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களில் கட்டிய கார்கள் இன்னும் எத்தனையோ ஷெட்களில் நிற்கின்றன. பின் சஸ்பென்ஷனைக் காயிலோவராக மாற்ற ஓனருக்கு ஆசை இருக்கும், கூட நிற்க ஆள் இருக்காது. ஓனர்ஸ் கிளப் மீட்டிங்குக்குப் போய்க் கேளுங்கள். காசு வாங்காதீர்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. உங்களுக்கு வேண்டியது கூலியும் அல்ல, அனுபவமும் ஆதாரமும்தான்.

1. சரியான காரைப் பிடியுங்கள். செவன் வகைக் கார்களில் தொடக்கத்திலிருந்தே பின்னால் காயிலோவர் உண்டு. அதில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஸ்பேனர் வேலை. லீஃப் ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் இருக்கிற காராகத் தேடுங்கள். யோசிக்க வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.

2. பழைய ஸ்பிரிங் என்னென்ன வேலை பார்த்தது என்று முதலில் எழுதுங்கள். போட்டியாளர்களில் பாதிப்பேர் இங்கே கழன்றுவிடுவார்கள். எஸ்கார்ட்டின் பின் லீஃப் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கவில்லை. ஆக்ஸிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைப்பதும், பிரேக் போடும்போது அது உருளாமல் தடுப்பதும் அதே லீஃப்தான். அதைக் கழற்றிக் காயிலோவர் மாட்டினால், மற்ற வேலைகளுக்கு டிரெய்லிங் ஆர்ம்களும் பேன்ஹார்டு ராடும் வேண்டும். பீட்டிலில் சிக்கல் வேறு. அங்கே எடை டார்ஷன் பாரில் நிற்கிறது. ஷாக் பூட்டும் பிராக்கெட்டுக்கு ஆட்டத்தை அடக்கும் விசை மட்டும்தான். காயிலோவர் வந்தால் காரின் எடையும் அந்தச் சின்ன பிராக்கெட்டில் வந்து உட்காரும், பள்ளத்தில் இறங்கினால் இன்னும் பல மடங்கு. பிராக்கெட்டைப் பலப்படுத்தாமல் மாட்டினால் அது விரிசல் விடும். "போல்ட் சரியாகச் சேர்ந்தது, மாட்டிவிட்டேன்" என்று இன்டர்வியூவில் சொல்லிவிடாதீர்கள்.

3. ஸ்பிரிங்கை நீங்களே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். கேட்டலாகில் "உங்கள் காருக்கு ஏற்றது" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் முடிவு அவர்களுடையது, உங்களுடையது அல்ல. கணக்கு பெரிதல்ல. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது காயிலோவர் 8 மி.மீ. சுருங்கினால் மோஷன் ரேஷியோ 0.8. சக்கரத்தில் கிடைக்கும் விறைப்புக்கு இதை வர்க்கமாக்கி ஸ்பிரிங்கின் விறைப்போடு பெருக்க வேண்டும். 25 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் சக்கரத்தில் 16 ஆகிவிடும். அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 150 கிலோ என்றால் ரைடு ஃப்ரீக்வென்சி ஏறக்குறைய 1.6 ஹெர்ட்ஸ், ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல எண். மோஷன் ரேஷியோவை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் 2 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்து ஸ்பிரிங்கைக் குறைத்து வாங்கினால் கார் தொளதொளவென்று கிடக்கும். காயிலோவரைச் சாய்த்து மாட்டினாலும் இதே கதை. சக்கரம் நேராக ஏறி இறங்கும் ஆக்ஸிலில் 30 டிகிரி சாய்த்தால் விறைப்பில் கால் பங்கு போய்விடும்.

4. ஸ்பிரிங் போடாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஜாக்கில் ஆக்ஸிலை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் புஷ் இருந்தால் கார் தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. வேலையைச் சரிபார்க்கும் அனுபவஸ்தர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

5. ஷாக்கில் உள்ள திருகுகளை வைத்து ஏமாறாதீர்கள். கீழே இருக்கும் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகாது, கார் உயரும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப் நிபுணர்கள் பலருக்கு இது தெரியாது. ஒரு மூலையை உயர்த்தினால் மூலைவிட்டமாக எடைப் பங்கீடும் மாறும். ஆகவே ஓனரை சீட்டில் உட்காரவைத்து நான்கு தராசில் எடை போட்டுவிட்டுத்தான் முடிக்க வேண்டும். டேம்பிங் குமிழைக் குறைந்த நிலையில் தொடங்கி ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

6. பழைய நிலையில் அளக்காமல் எதையும் கழற்றாதீர்கள். உயரம், மூலை எடை, கேம்பர், ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போனில் எடுத்த ஆக்ஸிலரோமீட்டர் பதிவு. மாற்றிய பிறகும் இதே அளவுகள். மாற்றத்துக்கு முன், பின் இரண்டும் ஒரே பக்கத்தில். ரெஸ்யூமேவோடு அந்த ஒரு பக்கம் போதும், இருபது பக்க ரிப்போர்ட்டை யாரும் திறப்பதில்லை. கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டிய அனுபவம் இருந்தால் அதையும் இதே வடிவத்தில் எழுதுங்கள். டீமின் சாதனையை விட்டுவிடுங்கள். நீங்கள் அளந்தது எது, முடிவெடுத்தது எது என்று மட்டும் சொல்லுங்கள்.

7. பிராக்கெட் வெல்டிங்கை நீங்கள் செய்யவில்லை என்றால், தகுதியுள்ளவரிடம் கொடுத்துச் செய்ததாகவே சொல்லுங்கள். டிராயிங் போட்டவர், விசையைக் கணக்கிட்டவர் நீங்கள். அந்த வேலைக்கு மதிப்புக் குறைவில்லை. வேலை தொடங்கும் முன், சஸ்பென்ஷன் மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கும்படி ஓனருக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். பின்னால் ரெஃபரன்ஸ் கேட்டு வரும் போனை எடுக்கப்போவது அவர்தான்.