கோடையும் சக்கரமும்

மாட்டுவண்டிகள் மிகுந்திருந்த காலத்தில், மரச் சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிப் பொருத்துவர். கோடையில் மரம் உலர்ந்து சுருங்க, அப்பட்டை தளரும். ஆதலின் வழியிற் குளம் கண்டால், வண்டிக்காரர் சக்கரம் நனையும்படி வண்டியை நீரில் இறக்கி நிறுத்துவர். கோடை சக்கரத்திற்குப் பகை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தனர். இக்காலத்து ஊர்திகளையும் அப்பகை விட்டபாடில்லை.

ஜான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டுமென்று கருதி, காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதன் சக்கரங்களிற் பொருத்தினார். 1888-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றும் ஊர்தியின் பாரத்தைத் தாங்குவது பெரிதும் காற்றே. டயர் அக்காற்றைக் காக்கும் உறையாகும்.

அக்கினி நட்சத்திர நாளொன்றில் யான் திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு வாடகைக் காரிற் சென்றேன். இடைவழியில் ஓட்டுநர் காற்றை அளந்தார். காலையில் 32 பவுண்டு இருந்தது, அப்பொழுது 36 காட்டியது. யான் அஞ்சி, “சிறிது காற்றை விட்டுவிடுக” என்றேன். அவர் நகைத்து, “வேண்டா, ஐயா. இஃது ஓடிய சூட்டால் ஏறியது. இப்பொழுது விட்டால், ஆறியபின் குறைந்துபோகும். குறைந்த காற்றுத்தான் வெடிப்புக்கு வித்து” என்றார். எத்தனையோ நூல் கற்றும் யான் அறியாததை அவர் அறிந்திருந்தார்!

அவர் கூற்றின் உண்மையைப் பின்னர் ஆராய்ந்து தெளிந்தேன். காற்றுக் குறைந்த டயர், சக்கரம் சுழலுந்தோறும் பக்கங்களில் மிகுதியாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியைப் பலகால் வளைத்து நிமிர்த்தினால் அது சுடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே டயரும் உள்ளே சூடேறும். ரப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே உள்ளெழுந்த சூடு விரைந்து வெளியேறாது. வெயிலிற் காய்ந்த தார்ச்சாலையும், அளவிறந்த பாரமும், மிகு விரைவும் கூடினால், ரப்பரையும் அதனுள் உள்ள நூல், கம்பி அடுக்குகளையும் பிணைத்துள்ள பிடிப்பு நெகிழும். மேற்பட்டை உரிந்து டயர் வெடிப்பது அப்பொழுதே. பலர் மிகுகாற்றையே அஞ்சுவர். குறைகாற்றை எவரும் எண்ணுவதில்லை.

எனவே, ஊர்தி ஓடாது ஆறியிருக்கும் விடியற்பொழுதில், ஊர்தி செய்தோர் குறித்த அளவுப்படி காற்றைச் சரிபார்த்தல் வேண்டும். மாற்றுச் சக்கரத்தை மறத்தல் கூடாது. தேய்ந்து வழவழத்த டயரும், பக்கங்களில் வெடிப்புக் கண்ட டயரும் நெடும்பயணத்திற்கு ஆகா.

ஓடும்போதே டயர் வெடித்துவிடின், அஞ்சித் தடையை அழுத்துதல் பெருந்தீங்கு. ஊர்தி ஒருபுறம் இழுத்துக் கவிழக்கூடும். திருப்புச்சக்கரத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றி நேரே செலுத்தி, விசைமிதியினின்று காலை மெல்ல எடுத்தல் வேண்டும். விரைவு தானே தணிந்தபின், ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தலாம்.