அணை உடைத்தவர்களின் தடம்: லிங்கன்ஷயர் முதல் மோனே வரை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணைகளை உடைத்துப் பெயர் வாங்கியது பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் ஸ்குவாட்ரன். அதன் தடம் பிடித்துப் போக விரும்புகிறவர்கள் இங்கிலாந்துக்கு மூன்று நாள், ஜெர்மனிக்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். பலரும் இங்கிலாந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதிக் கதைதான்.

மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. லிங்கன்ஷயர் மேடுபள்ளம் அதிகமில்லாத நிலம், காற்று வெட்டவெளியில் வீசி அடிக்கும். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து லிங்கன் நகரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு வாடகைக் கார்தான் வசதி. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. சுற்றுலாப் பயணி இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்தே ஓராண்டு வரை ஓட்டலாம்.

லிங்கனில் முதலில் கேன்விக் குன்றின் மேலுள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்துக்குப் போங்கள். நடுவில் நிற்கும் உலோகத் தூணின் உயரம் 31.09 மீட்டர். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை முனையிலிருந்து முனை வரை அதே அளவு. சுற்றிலும் துருநிற இரும்புச் சுவர்களில் மாண்டவர்களின் ஏறத்தாழ 58,000 பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். எழுத்துகளின் துளைகளில் உறவினர்கள் செருகிவிட்டுப் போன சிவப்புப் பாப்பி மலர்களைப் பார்ப்பீர்கள். அவசரப்படாமல் ஒரு சுவரையாவது முழுக்கப் படியுங்கள். குண்டுவீச்சு விமானப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. பள்ளத்தாக்குக்கு அப்பால் லிங்கன் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும். விமானிகளுக்குப் போகும்போதும் வரும்போதும் அடையாளம் அவைதான்.

அங்கிருந்து வடக்கே ஸ்காம்ப்டன். 1943 மார்ச்சில் 617-ஐ இங்கேதான் உருவாக்கினார்கள். தலைவர் கை கிப்சனுக்கு அப்போது வயது 24. தளம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது, உள்ளே போக முடியாது. சாலையோரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

1943 மே 16 இரவு இந்தத் தளத்திலிருந்துதான் 19 லங்காஸ்டர்களில் 133 பேர் புறப்பட்டார்கள். பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த உருளைக் குண்டு ஒவ்வொன்றும் நான்கு டன்னுக்கு மேல் எடை. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் விசிறினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி நீர்ப்பரப்பில் துள்ளிப் போய் அணைச் சுவரை ஒட்டி மூழ்கி வெடிக்க வேண்டும். அதற்காக அதை விமானத்திலேயே பின்னோக்கிச் சுழலவிட்டு, 18 மீட்டர் உயரத்தில் பறந்து போடவேண்டியிருந்தது. இருட்டில் அந்த உயரத்தை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிவட்டங்களும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டால் உயரம் சரி. எதிரியின் பீரங்கிக்கும் அந்த வெளிச்சம் தெரியும் என்பது தெரிந்தேதான் பறந்தார்கள். மோனே, எடர் அணைகள் உடைந்தன, சோர்பே தப்பித்தது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் மாண்டார்கள், மூவர் சிறைப்பட்டார்கள்.

இரண்டாம் நாள் உட்ஹால் ஸ்பா. 1944 ஜனவரியில் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. ஊர் நடுவே உடைந்த அணையின் வடிவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதிகாரிகள் தங்கிய பெட்வுட் மாளிகை இப்போது ஹோட்டல். அறை எடுக்காவிட்டாலும் ஸ்குவாட்ரன் பெயரிலுள்ள மதுக்கூடத்தில் ஒரு டீ சொல்லிவிட்டு, சுவர்ப் படங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

உட்ஹாலில் நான் அதிகம் நினைப்பது லியனார்டு செஷயரை. 1943 நவம்பர் முதல் அடுத்த ஜூலை வரை தலைவராக இருந்தவர். 1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரில் ஒரு விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்கும் வேலை வந்தது. இரவுப் பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் கூரைக்குச் சற்று மேலே மூன்று முறை பறந்து, அவர்கள் ஓடித் தப்பிக்க நேரம் கொடுத்த பிறகே குறி வைத்தார். போருக்குப் பின் நோயாளிகளுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் இல்லங்கள் தொடங்கினார். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள செஷயர் ஹோம்கள் அவர் பெயரில் வந்தவையே.

பக்கத்திலேயே ஈஸ்ட் கர்க்பி. அங்கே லங்காஸ்டர் ஒன்று நான்கு எஞ்சின்களும் முழங்க ஓடுபாதையில் ஊர்ந்து போகும்; காசு கட்டி அதில் ஏறலாம். டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், எந்தெந்த நாளில் ஓடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும்: உள்ளே குறுக்கே ஓடும் இறக்கைத் தண்டின் மேல் ஏறித் தாண்டினால்தான் முன்பக்கம் போக முடியும். பாரசூட்டோடும் கனத்த உடையோடும் எரியும் விமானத்தில் இதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். இந்த லங்காஸ்டரை வாங்கி இங்கே கொண்டுவந்த பான்டன் சகோதரர்களின் அண்ணன் கிறிஸ்டஃபர், 1944-இல் நியூரம்பெர்க் தாக்குதலில் இறந்தவர்.

மூன்றாம் நாள் ஷெஃபீல்டுக்கு மேற்கே டெர்வென்ட் அணை. விமானிகள் ஒத்திகை பார்த்த இடம். மழை பெய்திருந்தால் அணை முழுக்க வழியும் தண்ணீரைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் அரை நாள் போதும்.

பிறகு ஜெர்மனி. டார்ட்மண்டிலிருந்து ரயிலில் சோஸ்ட், அங்கிருந்து பஸ்ஸில் மோனே அணை. அணையின் மேல் இக்கரையிலிருந்து அக்கரை வரை நடக்கலாம், கட்டணம் இல்லை. உடைப்பு 70 மீட்டருக்கு மேல் அகலம். கட்டாயத் தொழிலாளர்களைக் கொண்டு 1943 அக்டோபருக்குள் அடைத்துவிட்டார்கள்.

நடுவில் நின்று, ஏரியைப் பார்க்காமல் கீழ்ப்புறம் பாருங்கள். வெள்ளம் போன வழி அது. அன்றிரவு 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோனே பள்ளத்தாக்கில் இறந்தவர்களில் பாதிக்கும் மேல் வெளிநாட்டவர். நெய்ஹைம் ஊரருகே முகாமில் அடைபட்டிருந்த உக்ரைன், ரஷ்யப் பெண்கள் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஹிட்லரின் ஆலைகளில் அடிமை வேலை செய்யப் பிடித்துவரப்பட்டவர்கள் அவர்கள். கிப்சனின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பெண்களை விட்டுவிட்டு அணைத் தாக்குதலைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அணையிலிருந்து நெய்ஹைம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை இருக்கிறது, வாடகைச் சைக்கிள் கிடைத்தால் அதில் போங்கள். வெள்ளம் அரை மணிக்குள் கடந்த தூரம் அது. டார்ட்மண்ட் திரும்ப நெய்ஹைம்-ஹ்யூஸ்டன் நிலையத்திலேயே ரயில் பிடிக்கலாம், சோஸ்டுக்கு மறுபடி போகத் தேவையில்லை.