மாடியறைப் பெண் ஏன் பேசவில்லை?

நம் பிள்ளைகளில் பலர் 'ஜேன் அயர்' நாவலைச் சுருக்கப் பதிப்பாகவாவது படித்திருப்பார்கள். 1847-இல் சார்லட் பிராண்டி எழுதியது. அநாதைப் பெண் ஜேன் ஒரு பெரிய வீட்டு எஜமானரை விரும்புகிறாள். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, பைத்தியம் என்று அதே வீட்டின் மேல்மாடியில் அடைத்து வைத்திருக்கிறார் என்பது கல்யாணத்தன்றுதான் தெரிகிறது. அந்த மனைவி பெர்த்தா, ஜமைக்கா தீவிலிருந்து 30,000 பவுன் சீதனத்தோடு வந்தவள்.

பெர்த்தா சிரிக்கிறாள், உறுமுகிறாள், கடிக்கிறாள், கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கூரையிலிருந்து குதிக்கிறாள். ஆனால் அவள் வாயிலிருந்து நேரடியாக ஒரு வசனமும் இல்லை. இப்படி மிரட்டினாள் என்று அவள் சகோதரன் சொல்வதோடு சரி. அவள் கதையைச் சொல்பவர் கணவர். ஒரு தரப்பை மட்டும் விசாரித்து எழுதிய தீர்ப்பு இது. நாமும் ஜேனுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு அதை ஏற்றுக்கொண்டோம்.

1890-இல் மேற்கிந்தியத் தீவான டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ் அதை ஏற்கவில்லை. 1966-இல் வெளிவந்த அவருடைய 'வைட் சர்காசோ ஸீ' நாவலில் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் அன்டோனெட். பெர்த்தா என்பது கணவன் சூட்டியது. அந்தக் கணவனுக்கோ நாவல் முழுவதும் பெயரே கிடையாது! இதை நான் மிகவும் ரசித்தேன். கல்யாணத்தின்போது அவள் பெயரில் எதுவும் தனியாக எழுதி வைக்கப்படவில்லை. மனைவியின் பணம் கணவனுக்கே என்றிருந்த அக்கால ஆங்கிலச் சட்டம் 1870, 1882 ஆகிய ஆண்டுகளில்தான் திருத்தப்பட்டது. கையில் காசில்லாதவள் பேசித்தான் என்ன?

பின்காலனியப் பெண்ணியம் என்று பெரிய பெயரில் பேசுகிறார்களே, அதன் முக்கியமான கேள்வி இங்கேதான் எழுகிறது. அன்டோனெட் வெள்ளைத் தோட்ட முதலாளியின் மகள். அவள் வீட்டில் கிறிஸ்டோஃபின் என்ற கறுப்பினப் பெண் இருக்கிறாள். மார்டினிக் தீவிலிருந்து, அன்டோனெட்டின் தாயாருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்பட்ட அடிமை. எழுத்து வாசனை இல்லாதவள். பணத்துக்காகத்தானே இவளைக் கட்டினாய் என்று கணவனை முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவன் போலீசைச் சொல்லி மிரட்டுகிறான். திரும்பிப் பாராமல் போனவள் பிறகு கதையில் நேரில் வருவதே இல்லை. ஒரு பெண்ணுக்கு வாய் கொடுத்த நாவல் இன்னொருத்தியை வெளியே அனுப்பிவிட்டதே என்று கல்கத்தாவில் பிறந்த காயத்ரி ஸ்பிவாக் 1985-இல் எழுதினார். கிறிஸ்டோஃபின் பேசியதைக் கவனியுங்கள் என்று 1987-இல் பெனிட்டா பாரி மறுத்தார்.

நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனில் பிளாக் மணி அடித்தால் அடுத்த ஸ்டேஷன் பதில் மணி தரவேண்டும். பதில் வரவில்லை என்பதற்காக இவர் மணியே அடிக்கவில்லை என்று நாங்கள் பதிவேட்டில் எழுதுவதில்லை. கிறிஸ்டோஃபின் மணி அடித்தாள். பெர்த்தாவின் உறுமலும் மணிதான்.

பிலாஸ்பூர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் என் மனைவி ஹிந்தி தெரியாமல் குழாயடியில் வாய் திறக்காமல் நிற்பாள். 'மதராஸி அம்மாவுக்குத் தலைக்கனம்' என்று பேச்சு. வீட்டுக்குள் வந்தபின் அவள் பேசியதைக் கேட்டவர்களுக்கல்லவா தெரியும்!

ரீஸின் நாவலில் மூன்றாம் பாகம் மிகச் சிறியது. அதை மட்டுமாவது படித்துப் பாருங்கள். மாடியறைக்குள்ளிருந்து அவளே பேசுகிறாள். அறையில் கண்ணாடி இல்லை; தான் இப்போது எப்படி இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அது இங்கிலாந்து என்று பிறர் சொல்வதையும் அவள் நம்பவில்லை.