தமக்கையும் தங்கையும்

தாயின் மடியை விட்டு இறங்கிய குழந்தை, பெரும்பாலும் தமக்கையின் இடுப்பிலிருந்துதான் உலகைக் காண்கிறது. பெற்றோர் விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்றுவிட, தங்கைக்குத் தலைவாரி, பசியாறக் கொடுத்து, பள்ளிக்கு அழைத்து வந்த அக்காமாரை நம் தோட்டங்கள் நன்கறியும். அவர்களுள் சிலர், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகவே தம் படிப்பை நிறுத்தியவர்கள். உடன்பிறப்பு ஒருவரை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்குப் போலந்து நாட்டுச் சகோதரியர் இருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மேரி கியூரி அம்மையாரை நாம் அறிவியல் பாடத்தில் அறிவோம். 1867ஆம் ஆண்டு வார்சா நகரில் பிறந்த அவருடைய இயற்பெயர் மரியா. அவருக்கு இரண்டாண்டு மூத்தவர் புரோனியா. அன்னையார் 1878இல் காசநோயால் மறைந்தார். தந்தையாரோ குறைந்த வருவாயுடைய ஆசிரியர். ரஷ்யர் ஆட்சியிலிருந்த வார்சாவின் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் பெண்களுக்கு இடமில்லை. பாரிஸ் சென்று மருத்துவம் பயில விரும்பினார் புரோனியா. கையிலிருந்த பணமோ ஓராண்டுக்கே போதும், படிப்போ ஐந்தாண்டு.

அப்பொழுது மரியா ஒரு வழி கூறினார். முதலில் அக்காள் செல்லட்டும். தாம் வேலை செய்து பணம் அனுப்புவோம். அக்காள் மருத்துவரான பின் தம்மை அழைத்துக்கொள்ளட்டும் என்றார். புரோனியா எளிதில் இசையவில்லை. தங்கையின் பிடிவாதமே வென்றது.

1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வார்சாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு பண்ணைக்கு வீட்டாசிரியையாகச் சென்றார் மரியா. அது சர்க்கரைக்கிழங்குத் தோட்டம் என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி! ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். அதிலிருந்து மாதந்தோறும் 15, 20 ரூபிள் பாரிசுக்குச் சென்றது. அத்துடன் நில்லாமல், அப்பண்ணைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கவும் கற்பித்தார். அரசாங்கம் அறிந்தால் தண்டனை உறுதி. இரவில் பௌதிகமும் கணிதமும் தாமே பயின்றார்.

ஆண்டுகள் கடந்தன. 1890இல் புரோனியா அழைப்புக் கடிதம் எழுதியபொழுது, மரியாவின் மனம் தளர்ந்திருந்தது. தந்தையை விட்டு வர இயலாது என மறுத்துவிட்டார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தங்கை மறுத்ததும், தம் கடமை தீர்ந்ததென்று அக்காள் இருந்திருக்கலாம். அவர் விடவில்லை, மீண்டும் வற்புறுத்தினார். நம் தோட்டத்து அக்காமாருக்கு, 'இனி உன் முறை' என்று வற்புறுத்த எத்தனை பேர் இருந்தனர்?

1891இல் மரியா பாரிஸ் சேர்ந்தார். பின்னர்த் தனியறையில் அரைவயிற்றுடன் படித்து அவர் மயங்கி விழுந்தபொழுது, வீட்டுக்குக் கொண்டுவந்து உணவூட்டித் தேற்றியவர்கள் அக்காளும் அவர் கணவரும். 1903இல் பௌதிகத்திற்கும், 1911இல் இரசாயனத்திற்கும் நோபெல் பரிசு மேரியைத் தேடி வந்தது. 1932இல் வார்சாவில் ரேடியம் நிலையம் திறக்கப்பட்டபொழுது, அதன் பொறுப்பேற்றவர் மருத்துவர் புரோனியா.

1934 ஜூலையில் மேரி மறைந்தார். பிரெஞ்சு மண்ணில் தோண்டிய அக்குழியில், போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணை அண்ணனுடன் சேர்ந்து தூவினார் அக்காள்.